ஒட்டுண்ணிப் புழுக்களின் பூர்வீகம்: மைட்டோகாண்டிரியா தரும் சான்று

மண் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடி மக்களைப் பற்றியுள்ளன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இவை பெரும்பாலும் உடனே உயிரைப் போக்குவதில்லை. குழந்தையின் உணவில் பங்கு கொண்டு, இரத்தத்தைக் குறைத்து, உடல் வளர்ச்சியையும் கல்வியையும் மெல்ல மெல்ல அரிக்கின்றன. இந்தியாவில் 2015-ம் ஆண்டு முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. 1 வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழங்கப்படுகிறது.

மாத்திரை உட்கொண்டதும் புழு வெளியேறிவிடுகிறது. ஆனால் சுகாதாரக் குறைவான இடங்களில் சில மாதங்களுக்குள் மீண்டும் தொற்று ஏற்படுகிறது. புதிய புழு எங்கிருந்து வந்தது? அண்டை வீட்டுக் குழந்தையிடமிருந்தா, தெருவில் திரியும் பன்றியிடமிருந்தா, நாயிடமிருந்தா? ஒரு மாவட்டத்தில் ஒழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட புழுநோய் மறுபடியும் தலைகாட்டினால், அது அங்கேயே எஞ்சியிருந்ததா, வெளியிலிருந்து புதிதாக வந்ததா? மனிதருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதுமா, விலங்குகளையும் கவனிக்க வேண்டுமா என்பதை இக்கேள்விகளுக்கான விடையே முடிவு செய்கிறது. விடை தவறினால் திட்டமும் குறி தவறும்.

விடை காணப் புழுவின் பரம்பரையை அறிய வேண்டும். அது எளிதன்று. வெவ்வேறு இனப் புழுக்கள் உருவத்தில் ஒன்றுபோல் காணப்படுவதுண்டு. அவற்றின் முட்டைகளை உருப்பெருக்கியில் பார்த்தும் வேறுபடுத்த இயலாமல் போவதுண்டு. எலும்போ ஓடோ இல்லாத உயிர்களாதலால் புதைபடிவங்களும் அரிது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்தியப் பதப்படுத்திய உடல்களின் சிறுநீரகத்தில் சிஸ்டோசோமா என்னும் குருதிப் புழுவின் முட்டைகளை மார்க் அர்மாண்ட் ரஃபர் 1910-ம் ஆண்டில் கண்டறிந்தார். இத்தகைய சான்று, அக்காலத்தில் அப்புழு இருந்தது என்பதைக் கூறும். அது எங்குத் தோன்றி எவ்வழியே பரவியது என்பதைக் கூறாது. அந்தக் குறையை இன்று பெருமளவில் நீக்கி வருவது, புழுவின் உயிரணுக்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறு பதிவேடு. அதுவே மைட்டோகாண்டிரியாவின் மரபணுத் தொகுப்பு.

தாய்வழிப் பதிவேடு

உயிரணுவுக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்பு மைட்டோகாண்டிரியா. மரபுப் பொருளான டி.என்.ஏ. உட்கருவில் மட்டுமே உள்ளது என்று விலங்குகளைப் பொறுத்தவரை நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. மைட்டோகாண்டிரியாவினுள்ளும் டி.என்.ஏ. உண்டு என்பதை மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் ஆகிய இருவரும் 1963-ம் ஆண்டில் காட்டினர். மனிதனின் மைட்டோகாண்டிரியா டி.என்.ஏ. முழுவதும் 1981-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் படித்தறியப்பட்டது. அது 16,569 கார இணைகள் கொண்ட ஒரு வளையம். அதில் 37 மரபணுக்களே உள்ளன. உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வோ ஏறத்தாழ 300 கோடி கார இணைகள் கொண்டது.

இச்சிறு வளையம் பரம்பரை ஆய்வுக்குப் பெரிதும் ஏற்றதாக அமைந்ததற்கு நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, பெரும்பாலான விலங்குகளில் இது தாயிடமிருந்து மட்டுமே சந்ததிக்குச் செல்கிறது. தந்தை வழி மரபோடு கலவாததால், தாய், தாயின் தாய் என்று ஒரே கோட்டில் பின்னோக்கிச் செல்ல முடிகிறது. இரண்டாவது, இதில் சடுதி மாற்றங்கள் உட்கருவைவிடப் பொதுவாக விரைந்து நிகழ்கின்றன. எனவே அண்மைக் காலத்தில் பிரிந்த கிளைகளையும் வேறுபடுத்திக் காணலாம். மூன்றாவது, ஓர் உயிரணுவில் இவ்வளையத்தின் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான படிகள் இருக்கின்றன. ஒரே ஒரு முட்டையிலிருந்தோ, சாராயத்தில் நெடுநாள் வைக்கப்பட்ட புழுவிலிருந்தோகூட அதை மீட்டெடுக்கும் வாய்ப்பு உண்டு. நான்காவது, அளவில் சிறியதாகையால் முழுவதையும் குறைந்த செலவில் படித்துவிடலாம்.

இரு புழுக்களின் வளையங்களை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், வேறுபாடு குறைவாக இருக்குமிடத்தில் உறவு நெருக்கம். மிகுதியாக இருக்குமிடத்தில் உறவு தொலைவு. பல புழுக்களை இவ்வாறு ஒப்பிட்டு ஒரு குலமரம் வரைகிறார்கள். அம்மரத்தின் கிளைகளை, புழு வாழும் விலங்குகளோடும் நிலப்பகுதிகளோடும் பொருத்திப் பார்க்கும்போது புழுவின் பயண வரலாறு தெளிவாகிறது.

புழுக்களின் தனித்தன்மை

உருண்டைப்புழு வகையில் முதன்முதலாக முழுமையாகப் படிக்கப்பட்ட மைட்டோகாண்டிரியா வளையங்கள் இரண்டு. ஒன்று மண்ணில் சுதந்திரமாக வாழும் சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் சிறு புழுவினுடையது. 13,794 கார இணைகள் கொண்டது. மற்றொன்று பன்றியின் குடலில் வாழும் அஸ்காரிஸ் புழுவினுடையது. 14,284 கார இணைகள் கொண்டது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வோல்ஸ்டன்ஹோம் குழுவினர் 1992-ம் ஆண்டில் இவற்றை வெளியிட்டனர். இரண்டிலும் 37-க்குப் பதில் 36 மரபணுக்களே இருந்தன. ஏ.டி.பி.-8 என்னும் சிறு மரபணு அவற்றில் இல்லை.

பின்னர் பன்றி இறைச்சி வழியாகப் பரவும் டிரைக்கினெல்லா புழுவில் அம்மரபணு இருப்பது 2001-ம் ஆண்டில் தெரியவந்தது. ஆகவே உருண்டைப்புழுக்களின் மூதாதைக்கு அது இருந்தது என்றும், பிற்காலத்தில் சில கிளைகள் அதை இழந்தன என்றும் கொள்ளப்படுகிறது. முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்த ஈரல் புழு, நாடாப்புழு முதலிய ஒட்டுண்ணித் தட்டைப்புழுக்களிலும் அது காணப்படவில்லை. ஒரே இழப்பு இரு குலங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது. ஒற்றுமை ஒன்றை மட்டும் கண்டு உறவு என்று முடிவு கட்டலாகாது என்ற எச்சரிக்கையை இத்துறை தொடக்கத்திலேயே பெற்றது.

எழுத்துக்களைப் போலவே, மரபணுக்கள் வளையத்தில் அமைந்துள்ள வரிசையும் ஒரு சான்றாகும். ஓர் எழுத்து மாறுவதைவிட மரபணுக்களின் வரிசை மாறுவது அரிது. அவ்வாறு மாறிய வரிசை, வழிவழியாகத் தொடரும் குடும்ப அடையாளம் போன்றது.

குருதிப் புழுவின் பயணம்

அந்த அடையாளத்தின் பயனைச் சிஸ்டோசோமா புழுக்களில் காணலாம். இவை இரத்தக் குழாய்களில் வாழ்பவை. நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவுபவை. சீனத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள இனங்களில் மரபணு வரிசை, ஏனைய தட்டைப்புழுக்களின் வரிசையைப் பெரிதும் ஒத்திருக்கிறது. ஆப்பிரிக்க இனங்களில் அவ்வரிசை கலைந்து வேறொரு முறையில் அமைந்திருக்கிறது. பழைய வரிசை ஆசியாவில் நிலைத்திருக்க, புதிய வரிசை ஆப்பிரிக்கக் கிளையில் தோன்றியது என்பதே பொருத்தமான விளக்கம். சிஸ்டோசோமாவின் தாயகம் ஆப்பிரிக்கா என்று முன்பு கருதப்பட்டது. அது ஆசியாவில் தோன்றி ஆப்பிரிக்காவுக்குச் சென்றது என்னும் கருத்துக்கு இச்சான்று வலுவூட்டியது.

இந்தியக் கால்நடைகளைத் தாக்கும் சிஸ்டோசோமா ஸ்பிண்டேல் என்ற இனத்தின் முழு வளையம் 2006-ம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் காணப்பட்டது ஆப்பிரிக்க வரிசை! ஆசியாவிலிருந்து சென்ற ஒரு குலத்தின் கிளை, ஆப்பிரிக்காவிலிருந்து மறுபடியும் தெற்காசியாவுக்குத் திரும்பியிருக்கிறது. இதன் இளம்பருவம் நெல்வயல் நீரில் நின்று வேலை செய்வோரின் தோலில் புகுந்து அரிப்பை உண்டாக்குகிறது. மாட்டின் நோயாகக் கருதப்படும் இது, வேளாண் தொழிலாளரின் நலனையும் தொடுகிறது.

மனிதரைத் தாக்கும் சிஸ்டோசோமா மான்சோனியின் கதை துயரம் மிக்கது. இது ஆப்பிரிக்காவிலும், தென் அமெரிக்கா மற்றும் கரீபியன் பகுதிகளிலும் காணப்படுகிறது. 2005-ம் ஆண்டில் வெளியான மைட்டோகாண்டிரியா ஆய்வில், கிழக்கு ஆப்பிரிக்கப் புழுக்களிடையே வேறுபாடு மிகுதியாக இருந்தது. அமெரிக்கப் புழுக்களிடையே மிகக் குறைவாக இருந்தது. அவை மேற்கு ஆப்பிரிக்கப் புழுக்களோடு நெருங்கிய உறவும் கொண்டிருந்தன. அடிமைகளாகக் கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்ட மக்களின் உடலிலேயே அப்புழு கடல் கடந்தது என்னும் வரலாற்றை இது உறுதிப்படுத்துகிறது. புதிய நிலத்தில் ஏற்ற நத்தை கிடைத்ததும் அது அங்கேயே நிலைத்துவிட்டது. நீர்த்தேக்கங்களும் வாய்க்கால்களும் பெருகும் இடங்களில் நத்தைகளைக் கண்காணிக்க வேண்டியதன் தேவையை இவ்வரலாறு உணர்த்துகிறது.

பன்றி தந்ததா, மனிதன் தந்தானா?

மனிதக் குடலில் வாழும் நாடாப்புழுக்களின் இளம்பருவம் மாட்டிறைச்சியிலோ பன்றி இறைச்சியிலோ இருக்கும். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் இவ்விலங்குகளைப் பழக்கத் தொடங்கியபோது மனிதனுக்கு நாடாப்புழு வந்து சேர்ந்தது என்பதே பழைய கருத்து. எரிக் ஹோபர்க் குழுவினர் 2001-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதைத் தலைகீழாக மாற்றியது. மனிதனின் நாடாப்புழுக்களுக்கு மிக நெருங்கிய உறவினர், ஆப்பிரிக்கச் சிங்கம், கழுதைப்புலி போன்ற ஊனுண்ணிகளின் புழுக்களே. மைட்டோகாண்டிரியா மரபணு ஒன்றின் வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டதில், மனிதனின் இரு நாடாப்புழு இனங்கள் 7,80,000 ஆண்டுகளுக்கும் 17,10,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அக்காலத்தில் தொழுவமும் இல்லை, பட்டியும் இல்லை. ஆப்பிரிக்கச் சமவெளியில் ஊனுண்ணிகள் உண்ட அதே இரையை உண்ட ஆதிமனிதன் இப்புழுக்களைப் பெற்றான். பின்னர் தான் வளர்த்த மாட்டுக்கும் பன்றிக்கும் அவனே அவற்றைக் கொடுத்தான்.

இவ்வுண்மைக்கு இன்றைய பொருள் உண்டு. பன்றி நாடாப்புழு முதிர்ச்சியடைவது மனிதக் குடலில் மட்டுமே. மனிதக் கழிவில் வெளியேறும் முட்டையை உண்ட பன்றிக்கு அது செல்கிறது. அதே முட்டை, கழுவாத கை, காய்கறி, நீர் ஆகியவற்றின் மூலம் மற்றொரு மனிதனின் வயிற்றுக்குள் சென்றால் மூளையில் கட்டியாக உருவாகி வலிப்பு நோயை உண்டாக்கும். இப்புழு நிலைத்துள்ள நாடுகளில் வலிப்பு நோயில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு இதுவே காரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இறைச்சியே உண்ணாதவருக்கும் இந்நோய் வருவதன் காரணம் இதுவே. ஆகவே பன்றியைக் குறை கூறுவதைவிடக் கழிப்பறையைப் பரவலாக்குவதும் அதைப் பயன்படுத்தச் செய்வதும் நோயின் வேரை அறுக்கும்.

பன்றி நாடாப்புழுவின் மைட்டோகாண்டிரியாவை 2002-ம் ஆண்டில் உலகளவில் ஒப்பிட்டபோது இரு பெருங்கிளைகள் தென்பட்டன. ஒன்று ஆசியாவுக்குரியது, மற்றொன்று ஆப்பிரிக்காவுக்கும் இலத்தீன் அமெரிக்காவுக்கும் உரியது. இந்தியப் புழுக்கள் ஆசியக் கிளையைச் சேர்ந்தவை. ஒரு நாட்டில் சிறப்பாகப் பயன்பட்ட நோயறி முறை மற்றொரு நாட்டிலும் அவ்வாறே பயன்படுமா என்று சோதித்த பின்பே ஏற்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம்.

ஒரே பன்றி, இரு விடைகள்

பன்றிக் குடலில் உருண்டைப்புழுவும் வாழ்கிறது, சாட்டைப்புழுவும் வாழ்கிறது. இவ்விரண்டையும் போன்ற புழுக்கள் மனிதக் குடலிலும் வாழ்கின்றன. பன்றியிலிருந்து மனிதனுக்கு இவை தாவுகின்றனவா என்ற கேள்விக்கு மைட்டோகாண்டிரியா இருவேறு விடைகளைத் தருகிறது.

மனித, பன்றிச் சாட்டைப்புழுக்களின் முழு வளையங்களை 2012-ம் ஆண்டில் ஒப்பிட்டபோது, அவை நீளத்திலேயே மாறுபட்டிருந்தன. மனிதப் புழுவில் 14,046, பன்றிப் புழுவில் 14,436 கார இணைகள். எழுத்து வேறுபாடும் மிகப் பெரிது. இவை நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்த இரு தனி இனங்கள் என்பதில் ஐயம் இல்லை.

உருண்டைப்புழுவின் நிலை வேறு. மனிதப் புழுவின் வளையமும் பன்றிப் புழுவின் வளையமும் ஏறத்தாழ ஒன்றே. எனினும் 1990-களில் குவாத்தமாலா நாட்டுக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், மனிதரும் பன்றியும் அருகருகே வாழ்ந்தபோதும், மனிதப் புழுக்களும் பன்றிப் புழுக்களும் பெரும்பாலும் தனித்தனிச் சமூகங்களாகவே இருந்தன. அங்கே மனிதனுக்குத் தொற்றைக் கொடுப்பவன் மனிதனே. ஆனால் சுகாதார வசதி மிகுந்த வட அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் அரிதாகத் தோன்றும் மனிதத் தொற்றுக்கள் பன்றியிலிருந்து வந்தவை என்று மரபணு காட்டியது. மனிதக் கழிவு வழியாகப் பரவும் தொற்று அடங்கிய பின்னரே பன்றி வழித் தொற்று கண்ணுக்குப் புலப்படுகிறது. எனவே இன்று பயன் தரும் திட்டம், நோய் குறைந்த நாளைக்கும் அப்படியே போதுமானதாக இராது.

நாயில் நரம்புச் சிலந்தி

ஒழிக்கப்பட்ட நோய்க்கு எடுத்துக்காட்டு நரம்புச் சிலந்தி. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ம் ஆண்டு ஜூலையில் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் இந்தியா இந்நோய் நீங்கிய நாடு என்று சான்றளிக்கப்பட்டது. படிக்கிணறுகளை மாற்றியமைத்து, குடிநீரை வடிகட்டி, மருந்தோ தடுப்பூசியோ இல்லாமலே பெற்ற வெற்றி அது. உலகளவில் 1986-ம் ஆண்டில் ஏறத்தாழ 35 இலட்சமாக இருந்த நோயாளிகள் எண்ணிக்கை 2023-ம் ஆண்டில் 14-ஆகக் குறைந்தது.

ஆனால் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் எதிர்பாராத சிக்கல் எழுந்தது. பத்தாண்டுக் காலம் நோயே பதிவாகாமல் இருந்து, 2010-ம் ஆண்டில் மீண்டும் நோயாளிகள் காணப்பட்டனர். 2012-ம் ஆண்டு முதல் நாய்களின் உடலிலும் புழுக்கள் வெளிவந்தன. நாயின் புழு வேறு இனமாக இருந்தால் மனித நோயை ஒழிக்கும் திட்டத்துக்கு அதனால் இடையூறு இல்லை. ஒரே இனமாக இருந்தால் திட்டத்தையே மாற்ற வேண்டும். மைட்டோகாண்டிரியா மரபணுக்களும் பின்னர் உட்கரு மரபணுத் தொகுப்பும் ஒரே விடையைத் தந்தன: நாயிடமும் மனிதனிடமும் இருப்பது ஒரே இனம், ஒரே சமூகம். இதையடுத்து நாய்களைக் கட்டி வைப்போருக்கு வெகுமதி அளித்தல், மீன் குடல்களை நாய் தின்னாதவாறு புதைத்தல் முதலிய நடவடிக்கைகள் முதன்மை பெற்றன. சில ஆயிரம் எழுத்துக்களை ஒப்பிட்டதன் விளைவாக ஒரு பன்னாட்டுத் திட்டத்தின் போக்கே மாறியது.

புலியின் நுரையீரலும் நீலகிரியின் மண்ணும்

1878-ம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலையில் இறந்த ஒரு வங்கப் புலியின் நுரையீரலிலிருந்து எடுத்த புழுவைக் கெர்பெர்ட் என்பவர் விவரித்தார். பாராகோனிமஸ் வெஸ்டர்மனி என்று பெயரிடப்பட்ட இந்நுரையீரல் புழுவும் இதன் உறவினங்களும் நண்டு வழியாகப் பரவுகின்றன. இந்தியாவின் வடகிழக்கு மாநிலங்களில் நண்டைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ உண்பவருக்கு இந்நோய் வருகிறது. இருமலும் இரத்தம் கலந்த சளியும் இதன் அறிகுறிகளாகையால் காசநோய் என்றே தவறாகக் கருதப்படுவதுண்டு. அவ்வாறு கருதப்பட்டவர், தமக்குப் பயன்படாத மருந்தைப் பல மாதம் உட்கொள்ள நேரிடும். உரிய மருந்தான பிராசிகுவாண்டலோ சில நாட்களில் குணம் தரக்கூடியது.

ஷில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ம் ஆண்டில் இப்புழுவின் இந்திய வகைக்குரிய மைட்டோகாண்டிரியா வளையத்தை வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டில் பன்றியிலும் மனிதரிலும் காணப்படும் குடல் தட்டைப்புழு ஒன்றின் வளையத்தையும் வெளியிட்டிருந்தனர். ஒரே பெயரால் வழங்கப்படும் நுரையீரல் புழு, ஜப்பானிலும் கொரியாவிலும் ஒன்றாகவும் தெற்காசியாவில் வேறாகவும் இருப்பதை மரபணு ஒப்பீடு காட்டுகிறது. ஒரு பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருக்கும்போது, ஒரு நாட்டு அனுபவத்தை மறுநாட்டுக்குப் பொருத்துவதில் கவனம் தேவை.

தாவர ஒட்டுண்ணிகளுக்கும் இம்முறை பயன்படுகிறது. உருளைக்கிழங்கின் முட்டைக்கூடு நூற்புழு 1961-ம் ஆண்டில் நீலகிரியில் கண்டறியப்பட்டது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையே இதன் தாயகம். இதில் குளோபோடெரா ராஸ்டோகியென்சிஸ், குளோபோடெரா பாலிடா என இரு இனங்கள் உண்டு. நீலகிரியில் இரண்டும் உள்ளன. மேற்கு ஐரோப்பாவிலுள்ள பாலிடா புழுக்கள், பெரு நாட்டின் தென்பகுதியில் ஒரு குறுகிய நிலப்பரப்பிலிருந்தே வந்தவை என்பதை 2008-ம் ஆண்டில் மைட்டோகாண்டிரியா ஆய்வு காட்டியது. முதலினத்தின் ஒரு வகையை எதிர்க்கும் எச்-1 என்னும் மரபணு, பாலிடாவிடம் பயன்படுவதில்லை. எந்த வயலில் எந்த இனம் என்று அறியாமல் எதிர்ப்பு இரகத்தைத் தேர்ந்தெடுத்தால் உழவரின் முதலீடு வீணாகும். முட்டைக்கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு தங்குவதால் வரும்முன் காப்பதே சிறந்தது. இமயமலைப் பகுதியிலும் இப்புழு காணப்பட்டதையடுத்து, 2018-ம் ஆண்டில் அப்பகுதி மாநிலங்களிலிருந்து விதைக்கிழங்கு அனுப்புவதற்கு மத்திய அரசு தடை விதித்தது.

சான்றின் எல்லைகள்

மைட்டோகாண்டிரியா தாய்வழியை மட்டுமே கூறும் சாட்சி. தந்தை வேறு இனத்தவனாக இருந்தாலும் அது அறியாது. செனெகல் நாட்டில் மனிதச் சிஸ்டோசோமாவும் மாட்டுச் சிஸ்டோசோமாவும் கலந்து உண்டான கலப்பினங்கள் குழந்தைகளிடம் காணப்பட்ட செய்தி 2009-ம் ஆண்டில் வெளியாயிற்று. அவற்றில் சிலவற்றின் மைட்டோகாண்டிரியா மாட்டுப் புழுவினுடையது. உட்கரு மரபணுவோ மனிதப் புழுவினுடையது. தாய்வழிச் சான்றை மட்டும் நம்பியிருந்தால் அவற்றை மாட்டுப் புழு என்றே எழுதியிருப்பார்கள். இத்தகைய கலப்பினம் 2013-ம் ஆண்டில் பிரான்சு நாட்டின் கோர்சிகா தீவிலும் ஓர் ஆற்றில் குளித்தவர்களிடையே பரவியது.

மற்றொரு குறை, எழுத்துக்களின் சமனின்மை. புழுக்களின் மைட்டோகாண்டிரியாவில் அடினின், தைமின் ஆகிய இரு காரங்கள் மிகுந்துள்ளன. யானைக்கால் நோயை உண்டாக்கும் உச்சரேரியா பாங்க்ராஃப்டி புழுவில் அவற்றின் பங்கு 74.6 விழுக்காடு. நான்கு எழுத்துக்களில் இரண்டே பெரும்பான்மையாகும்போது, உறவற்ற இரு புழுக்கள் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே தொன்மையான கிளைகளை ஆராயும்போது உட்கரு மரபணுக்களின் சான்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உட்கரு மரபணு ஒன்றைக் கொண்டு மார்க் பிளாக்ஸ்டர் குழுவினர் 1998-ம் ஆண்டில் வரைந்த குலமரம், உருண்டைப்புழுக்களில் ஒட்டுண்ணி வாழ்வு ஒரே முறை தோன்றியதன்று என்று காட்டியது. விலங்குகளைப் பற்றுவது குறைந்தது நான்கு முறையும், தாவரங்களைப் பற்றுவது மூன்று முறையும் தனித்தனியே தோன்றியிருக்கின்றன.

செய்ய வேண்டியவை

இந்தியா 2027-ம் ஆண்டுக்குள் யானைக்கால் நோயை ஒழிக்க இலக்கு வகுத்துள்ளது. இலக்கை நெருங்க நெருங்க, எஞ்சிய ஒவ்வொரு தொற்றின் பிறப்பிடத்தையும் அறிவது இன்றியமையாததாகும். வேலை தேடி மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் மக்கள் கோடிக்கணக்கில் உள்ள நாட்டில், ஓர் ஊரில் புதிதாகக் காணப்படும் புழு அவ்வூரின் எச்சமா, வெளியிலிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தே அங்கு மருந்து வழங்குவதைத் தொடர்வதா என்று தீர்மானிக்க முடியும். பப்புவா நியூகினி, இந்தியா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய மூன்று இடங்களின் உச்சரேரியா வளையங்கள் 2012-ம் ஆண்டிலேயே ஒப்பிடப்பட்டுள்ளன. அதே ஒப்பீட்டை நாட்டுக்குள் மாவட்ட அளவில் செய்யும் அடித்தளத்தை அமைப்பதே அடுத்த பணியாகும்.

அதற்குப் பெரிய ஆலைகள் தேவையில்லை. மருத்துவமனைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் கால்நடை மருத்துவ நிலையங்களிலும் கிடைக்கும் புழுக்களை இடம், நாள், ஓம்புயிர் ஆகியவற்றைக் குறித்துச் சாராயத்தில் பாதுகாத்தல் முதற்படி. மனித மருத்துவர், கால்நடை மருத்துவர், வேளாண் அறிஞர் ஆகிய மூவரும் ஒரே சேமிப்பைப் பயன்படுத்துதல் இரண்டாம் படி. புழு, துறைகளின் எல்லையைப் பார்த்துப் பரவுவதில்லை. ஆய்வும் அவ்வெல்லைக்குள் அடங்கலாகாது.

கழிப்பறை, தூய குடிநீர், காலணி, நன்கு வெந்த உணவு ஆகியவையே புழுநோய்க்கு நிலையான பரிகாரம் என்பதில் மாற்றம் இல்லை. அவற்றுள் எதை, எங்கே, யாருக்கு முதலில் கொண்டு சேர்ப்பது என்று முடிவு செய்யும் வேளையில், புழுவின் பூர்வீகத்தை அறிந்த நிருவாகம் தன்னிடமுள்ள சிறு தொகையையும் பயனுள்ள இடத்தில் செலவிட வல்லதாகும்.